டிக் போடாத நாற்பத்தேழு பேர்

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் நல்லபடியாகவே முடிந்தது. சாப்பாட்டில் உப்பு குறைவு என்று மாப்பிள்ளையின் அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதும், பெண்ணின் அம்மா ஓடிப்போய்ச் சமாதானம் சொன்னதும், மண்டபத்து வாசலில் யாருடைய செருப்போ காணாமல் போனதும் மூன்றே நாளில் பழங்கதையாகிவிட்டன. பாக்கி இருந்தது ஒன்றே ஒன்று. திருமணச் சான்றிதழ்.

மாப்பிள்ளை வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கிரேன் எலெக்ட்ரீஷியன். வெள்ளிக்கிழமை காலை விமானம். கம்பெனி வீடு தருகிறது, மனைவிக்கும் சேர்த்து டிக்கெட் போட்டிருக்கிறது. ஆனால் புதன்கிழமை சாயங்காலத்துக்குள் சான்றிதழ் அவர்கள் கைக்குப் போயாக வேண்டும். வியாழன் அரசு விடுமுறை. தவறினால் அவர் மட்டும் கிளம்புவார், ஒன்பது மாதம் கழித்து அடுத்த லீவில் வந்துதான் மனைவியைக் கூட்டிப்போக முடியும். அந்த ஒன்பது மாதமும் மணப்பெண் சின்னவள் மாமியாரோடு தனியாக இருக்க வேண்டும். உப்புக்கே அப்படி முகம் காட்டிய மாமியார்!

"பழைய ஆபீஸ்ல எனக்குத் தெரிஞ்சவர் ஒருத்தர் இருக்கார். திங்கட்கிழமையே நோட்டுல எழுதி வாங்கிடலாம்" என்று அந்த அம்மாள் சொன்னார்தான். கேட்டிருந்தால் வம்பே இல்லை. சின்னவளின் அக்கா, பெரியவள்தான் குறுக்கே விழுந்தாள்.

"எதுக்கு அத்தை அலையணும்? இப்ப எல்லாம் ஆன்லைன். புதன்கிழமைக்கு நானே நேரம் வாங்கியிருக்கேன். போனோமா, பத்து நிமிஷத்துல வந்தோமான்னு இருக்கும்."

அவள் அப்படிப் பேசியதில் ஆச்சரியமில்லை. அரசாங்கத்தின் எல்லாச் சேவைகளையும் ஒரே இடத்தில் கொண்டுவரும் இணையதளத்தைக் கட்டும் அலுவலகத்தில்தான் ஏழு வருடமாக வேலை பார்க்கிறாள். பிறப்பு, இறப்பு, திருமணம், மருத்துவ அட்டை எல்லாவற்றையும் ஜனங்கள் தொடும் முன்பே தொட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று கண்டுபிடிப்பது அவள் வேலை. தளம் ஞாயிற்றுக்கிழமைதான் திறந்தது. தங்கையின் கல்யாணமும் அன்றைக்கே. அந்த ஒரு நாளில் அவள் எத்தனை மணி நேரம் நின்றாள் என்று அவளுடைய கணுக்காலைத்தான் கேட்க வேண்டும்.

புதன்கிழமை மதியம் ஒன்றரை மணி. பதிவு அலுவலகத்தின் மூன்றாம் கவுண்டர். ஒரு மின்விசிறி சுற்றியது, ஒன்று சும்மா இருந்தது. கவுண்டர் எழுத்தர் பெண்ணின் அடையாள எண்ணைத் தட்டினார், திரையைப் பார்த்தார், மறுபடியும் தட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, பொண்ணுக்கு இது ரெண்டாவதா?"

"என்ன ரெண்டாவது?" என்றாள் சின்னவள்.

"கல்யாணம்தான்."

"என்ன சார் பேசுறீங்க?" என்று மாப்பிள்ளை எழுந்தார்.

"நான் பேசலீங்க, சிஸ்டம் பேசுது. பாருங்க, ஏற்கெனவே கல்யாணம் ஆனவங்கன்னு காட்டுது. புருஷன் படம்கூட இருக்கு."

எழுத்தர் திரையை இவர்கள் பக்கம் திருப்பினார். வட்ட முகம், தடித்த கண்ணாடி, பாதியில் வெட்டுப்பட்ட காது. அதன் கீழே, தொழில்: சர்க்கஸ் சிங்கம் பழக்குபவர்.

"சர்க்கஸா?" என்றார் மாமியார். அந்த ஒரு வார்த்தையில் ஞாயிற்றுக்கிழமை உப்பும் சேர்ந்திருந்தது.

அந்த முகம் பெரியவளுக்கு நன்றாகத் தெரியும். தினமும் காலையில் அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பிஸ்கட் கடிக்கிற முகம் அது. தரவுத்தளத்தின் சாவியை வைத்திருக்கும் அவனை அலுவலகத்தில் எல்லோரும் கண்ணாடி என்றுதான் கூப்பிடுவார்கள். தொழில் கட்டத்தில் நீளமான வார்த்தை பிடிக்குமா என்று பார்ப்பதற்காகச் சிங்கத்தைக் கொண்டுவந்து விட்டவள் சாட்சாத் பெரியவளேதான்.

"இது... சிஸ்டம்ல ஏதோ கோளாறு" என்றாள். "நான் ஆபீஸ் போய்ச் சரி பண்ணிட்டு வந்துடறேன்."

"நீங்கதானே அக்கா இதைக் கட்டினது?" என்றார் மாப்பிள்ளை. குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே கேட்டார். அதுதான் இன்னும் வலித்தது.

எழுத்தர் நல்ல மனுஷர். "அந்தப் பதிவை எடுத்துட்டீங்கன்னா நான் போட்டுத் தரேன். பதிவாளர் ஆய்வுக்குப் போயிருக்கார், நாலு மணிக்குத்தான் வருவார். அவர் ஒப்புதல் கொடுக்கணும். அஞ்சுக்குக் கவுண்டர் மூடிடும், அதுக்குள்ள பாருங்க" என்றார்.

சின்னவள் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து கூட வளர்ந்தவளிடம் முகத்தை எங்கே ஒளிப்பது?

ஆட்டோவில் போகும்போதே பெரியவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பொய்யான அடையாள எண் போட்டால் தளம் ஏற்காது. அதனால் சோதனைக்கு நிஜ எண்கள் வேண்டும். மேலே கேட்டால் தருவதற்கு ஆறு மாதம் ஆகும். ஆகவே ஆளாளுக்கு அவரவர் வீட்டு ஆட்களின் எண்களைக் கொண்டுவந்து ஒரு பட்டியல் போட்டார்கள். அந்த அலுவலகத்தில் அது தப்பென்றே யாருக்கும் தோன்றியதில்லை. மாமனாரைச் சாகடிப்பார்கள், மைத்துனனுக்கு இரட்டைக் குழந்தை பிறக்க வைப்பார்கள், சாயங்காலம் சிரித்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒவ்வொரு பதிவின் மூலையிலும் 'சோதனை' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டால் போதும், தளம் திறக்கும் அன்று அத்தனையும் தானாக உதிர்ந்துவிடும்.

டிக் போட வேண்டும். அவ்வளவுதான்.

"நாற்பத்தேழு" என்றான் கண்ணாடி. மணி இரண்டேகால். அவன் மேஜையில் ஆறிப்போன டீ இருந்தது. "எல்லாம் ஒரே நாள்ல போட்டது. ஒண்ணுலகூட டிக் இல்ல. அத்தனையும் நிஜப் பதிவேட்டுக்குள்ள போயிடுச்சு."

தேதியைப் பார்த்தாள். சின்னவளின் நிச்சயதார்த்த நாள். நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்று காலையிலிருந்து பறந்து பறந்து வேலையை முடித்தது ஞாபகம் வந்தது. கை வேகமாக ஓடியது, மனசு வீட்டில் இருந்தது.

"ஏங்க, நான் எப்பங்க உங்க தங்கச்சியைக் கட்டினேன்?" என்றான் கண்ணாடி. "வீட்ல ஒருத்தி இருக்கா. அவளுக்குத் தெரிஞ்சா நிஜமாவே சிங்கத்துக்கிட்ட விட்டுடுவா."

சிரிக்க இரண்டு பேருக்கும் தெம்பில்லை.

"தங்கச்சியோட பதிவை எடுக்க முடியுமா?"

"ரெண்டு நிமிஷ வேலை. அவங்க பேருல முன்னாடி கல்யாணப் பதிவு எதுவும் கிடையாது. அழிச்சா சுத்தம். நாலு மணிக்குப் பதிவாளர் வந்ததும் போட்டுக்கலாம். மத்ததை வெள்ளிக்கிழமை மெதுவா பாப்போம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "யாருக்கும் தெரிய வேண்டாம்."

பெரியவள் மூச்சு விட்டாள். மூன்று நாளில் முதல் தடவையாக முழுசாக ஒரு மூச்சு. அதோடு நின்றிருக்கலாம். ஆனால் பட்டியலை ஒரு தடவை பார்த்துவிடுவோம் என்று கீழே இறக்கினாள். ஏழு வருடப் பழக்கம், கை சும்மா இருக்காது.

இருபத்தாறு பேர் அலுவலகத்துச் சொந்தக்காரர்கள். மீதி இருபத்தொரு பேர் யாரென்று தெரியவில்லை. பிறகு தெரிந்தது. வீட்டு எண்கள் தீர்ந்துபோனதும், மாதிரிக்கென்று ஆவண அறையிலிருந்து வந்த பழைய விண்ணப்பக் கட்டிலிருந்து அவளே எடுத்துப் போட்டவர்கள். முப்பத்தொன்றாவது வரியில் ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் ஒருவர், வயது அறுபத்தொன்று. பதிவு: மரணம்.

பேருந்து ஓட்டுநர். எங்கேயோ படித்தது போலிருந்தது. புகார்ப் பெட்டியைத் திறந்து தேடினாள்.

திங்கட்கிழமை காலையில் முதல் புகார், அவருடைய மகளிடமிருந்து. 'என் அப்பா இறந்துவிட்டதாக உங்கள் தளம் காட்டுகிறது. மருத்துவ அட்டை வேலை செய்யவில்லை. அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார்.'

அதற்குப் பதிலும் போயிருந்தது. 'தங்கள் விவரங்கள் சரிபார்க்கப்பட்டன. பதிவில் தவறு ஏதும் இல்லை.' கீழே பதில் அனுப்பியவரின் எண்.

அது பெரியவளின் எண்.

திங்கட்கிழமை புகார்கள் மழையாகக் கொட்டியதால் சோதனைப் பிரிவையும் பதில் போட உட்கார வைத்திருந்தார்கள். ஐந்து பதில்கள் தயாராக இருக்கும், ஒன்றை அழுத்த வேண்டும். முந்நூறு புகாருக்கு அழுத்தினாள். இதற்கு மூன்றாம் நம்பரை அழுத்தியிருக்கிறாள். படித்தாளா என்றுகூட நினைவில்லை.

செவ்வாய்க்கிழமை இன்னொரு புகார். இன்று காலை மூன்றாவது. 'நேற்று டயாலிசிஸ் செய்ய மறுத்துவிட்டார்கள். அடுத்த முறை நாளைக் காலை. இன்று ஐந்து மணிக்குள் அட்டை சரியாகாவிட்டால் அந்த இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்களாம். அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. தயவுசெய்து ஒரு மனிதர் இதைப் படியுங்கள்.'

பெரியவள் நாற்காலியில் சாய்ந்தாள். அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும் இல்லையா?

"இவரை முதல்ல எடு" என்றாள்.

கண்ணாடி பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். "இவரை அழிச்சா ஆகாதுங்க. மரணம்னு விழுந்தா பதினோரு இடத்துல கதவு சாத்திக்கும். பதிவை அழிச்சா ஒரு கதவுகூடத் திறக்காது. சனிக்கிழமை எடுத்த நகல்லேர்ந்து பழையபடி கொண்டுவந்து வைக்கணும். ரெண்டு மணி நேரம் ஆகும். அதுக்குப் புதுப் பதிவு எதுவும் ஏறாதபடி பதிவேட்டையே மூடணும், இயக்குநர் உத்தரவு வேணும். ஒரு தடவை மூடினா, தணிக்கை முடிஞ்சு வெள்ளிக்கிழமைதான் திறப்பாங்க."

"ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணிச் சொன்னா?"

"போன்ல யார் சொன்னாலும் ஏத்துக்காதீங்க, சிஸ்டத்துல இருக்கறதை மட்டும் பாருங்கன்னு எல்லா ஆஸ்பத்திரிக்கும் நாமதானே சுற்றறிக்கை விட்டோம்?"

ஆமாம். அந்தச் சுற்றறிக்கையில் எழுத்துப்பிழை பார்த்தவளும் இவள்தான்.

கணக்கு ரொம்பச் சுலபம். மணி இரண்டரை. இப்போதே மூடினால் ஐந்துக்குள் அந்த மனுஷருக்கு உயிர் வரும், சின்னவளுக்குச் சான்றிதழ் வராது. பதிவாளர் வரும்வரை, நாலு மணிவரை காத்திருந்து சின்னவளை முடித்துவிட்டு மூடினால், ஆஸ்பத்திரிக் கவுண்டர் சாத்திய பிறகுதான் அவர் பிழைப்பார்.

கைபேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள்.

"சரியாயிடுச்சாக்கா?" சின்னவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"இல்லடி." சொன்னாள். டிக், நாற்பத்தேழு, ஓட்டுநர், டயாலிசிஸ், எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். தன் தப்புதான் என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

அந்தப் பக்கம் யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

"நீ இப்ப என்கிட்ட கேக்குறியா, சொல்றியா?"

பெரியவள் படியில் உட்கார்ந்தாள்.

"கேக்குறதா இருந்தா, என்னோடதை முதல்ல பண்ணுன்னு சொல்லுவேன். ஒன்பது மாசம்க்கா. இந்தம்மா இங்க உக்காந்துக்கிட்டு அந்தச் சிங்கக்காரன் யாரு, எந்த ஊரு, எப்பலேர்ந்து பழக்கம்னு குடைஞ்சிட்டிருக்காங்க. ஒரு மணி நேரத்துக்கே எனக்கு நாக்கு தள்ளுது." மூச்சு இரைத்தது. "நான் இப்படிச் சொன்னா பண்ணுவியா?"

"டீ..."

"மாட்டல்ல? அப்ப சொல்லத்தான் கூப்பிட்டிருக்க. சொல்லிட்ட. வை."

வைத்துவிட்டாள்.

இயக்குநர் அம்மாள் ஜன்னலோரம் நின்று மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார். தளம் திறந்த நாளிலிருந்து அவரும் சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணின் கீழே எழுதியிருந்தது. பெரியவள் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை.

"நீ வாயைத் திறக்காம இருந்திருந்தா இது வெளிய வர ஒரு மாசம் ஆகியிருக்கும்" என்றார்.

"அந்த ஒரு மாசம் அவரு இருக்க மாட்டாரும்மா."

இயக்குநர் கண்ணை மூடித் திறந்தார். "நிஜ ஆளுங்களோட எண்ணைச் சோதனைக்குப் போட்டிருக்கோம்னு நான் மேல சொல்லணும். சொன்னதும் யாருன்னு கேப்பாங்க. உன் பேரைத்தான் சொல்லுவேன், புரியுதா? என் கையில இல்ல."

"புரியுதும்மா."

"உன் கைப்பட எழுதிக் குடு. கம்ப்யூட்டர்ல வேண்டாம். கையெழுத்து இருக்கணும்."

எழுதத்தான் காகிதம் இல்லை. காகிதமில்லா அலுவலகம் என்று போன வருடம் விருது வாங்கியதிலிருந்து அந்த மாடியில் ஒரு வெள்ளைத்தாள் கிடையாது. கடைசியில் கீழே போய் வாசல் காவலாளியிடம் கெஞ்சி, வருகையாளர் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வாங்கிவந்தாள். 'பெயர், நேரம், யாரைப் பார்க்க' என்று கோடு போட்ட தாள். அந்தக் கோடுகளின் மேலேயே எழுதினாள். 'நாற்பத்தேழு பதிவுகளிலும் டிக் போடத் தவறியது நான். திங்கட்கிழமைப் புகாருக்குப் படிக்காமல் பதில் அனுப்பியதும் நான்.' ஏழு வருட வேலை ஆறு வரியில் அடங்கிவிட்டது.

மூன்று மணிக்குச் சரியாக ஐந்து நிமிடம் இருக்கும்போது கண்ணாடி பதிவேட்டை மூடினான். நாடு முழுக்கத் திருமணக் கவுண்டர்களின் திரையில் காத்திருக்கச் சொல்லும் சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. சின்னவள் நிற்கும் மூன்றாம் கவுண்டரிலும் சுற்றியிருக்கும்.

ஐந்தேகாலுக்கு ஓட்டுநரின் மகளுக்குப் பெரியவளே போன் செய்தாள்.

"இப்பதாங்க பாத்தேன், அட்டை வேலை செய்யுது. நாளைக்கு இடம் கொடுத்துட்டாங்க" என்றது அந்தப் பெண் குரல். அதிலும் சந்தோஷம் இல்லை, அலுப்புதான் இருந்தது. "ஒண்ணு கேக்கலாமா? தவறு ஏதும் இல்லைன்னு திங்கட்கிழமை பதில் போட்டாங்களே, அவங்க யாருன்னு தெரியுமா? சண்டைக்கு இல்ல. ஒரு வார்த்தை கேக்கணும்."

"நான்தாங்க."

பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது.

"நீங்களா?" என்றாள் அவள். "சரி. அப்பா கூப்பிடுறார், வைக்கிறேன்."

கேட்க நினைத்த அந்த ஒரு வார்த்தையை அவள் கேட்கவே இல்லை. அதைக் கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை என்று பெரியவளுக்குத் தோன்றியது.

ஆறு மணிக்கு வீடு வந்தபோது கூடத்தில் சின்னவளின் பெரிய பெட்டி திறந்து கிடந்தது. வெளிநாட்டுக்கென்று போன வாரமே அடுக்கி, கயிறு கட்டி வைத்த பெட்டி. சின்னவள் தரையில் உட்கார்ந்து அதைப் பிரித்துக்கொண்டிருந்தாள். குளிருக்கு வாங்கிய கம்பளிச் சட்டை, கையுறை, புது பூட்ஸ் எல்லாம் ஒரு பக்கம். வீட்டில் உடுத்தும் துணிகள் இன்னொரு பக்கம்.

அம்மா சமையலறை வாசலில் கையைத் துடைத்தபடி நின்றாள். பெரியவளைப் பார்த்ததும் எதையோ கேட்க வந்தவள், முகத்தைப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"மாப்பிள்ளை எங்கடி?"

"கீழே நிக்கறார். அத்தை அஞ்சே நிமிஷத்துல வரச் சொன்னாங்க."

"அவர் என்ன சொல்றார்?"

"என்ன சொல்லுவார்? பாவம், உங்க அக்கா பண்ணினது சரிதான்னு சொல்றார். கம்பெனிக்கு போன் பண்ணிக் கெஞ்சினார், முடியாதுன்னுட்டாங்க." சின்னவள் கம்பளிச் சட்டையை மடித்து அக்காவின் மடியில் வைத்தாள். "இதெல்லாம் இங்கேயே இருக்கட்டும். அங்க வெச்சா அதுக்கும் ஒரு பேச்சு வரும்."

"அந்தக் கண்ணாடியைக் கூட்டிட்டுப் போய் அத்தைகிட்ட நான் பேசறேன். அவன் பொண்டாட்டியையும் கூட்டிட்டு..."

"நீ போக வேண்டாம். அவங்களே வர்றாங்க. வெள்ளிக்கிழமை இவரை ஏத்தி விட்டதும் நேரா உன் ஆபீசுக்கு வந்து, அந்த ஆளை நேர்ல பாக்கணுமாம். என்னையும் கூட்டிட்டுத்தான் வருவாங்களாம்."

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு விசாரணை என்று இயக்குநர் சொல்லி அனுப்பியிருந்தார். அதைச் சொல்லப் பெரியவள் வாயெடுத்தாள். அப்புறம் வேண்டாமென்று விட்டுவிட்டாள்.

சின்னவள் பெட்டியை மூடினாள். பாதி காலியான பெட்டி சுலபமாக மூடிக்கொண்டது.

"என்னைத் திட்டிடேன்டி" என்றாள் பெரியவள்.

"அதான் முடியலையே." சின்னவள் பெட்டியைத் தூக்கி நிறுத்தினாள். "நீ தப்பு பண்ணியிருந்தா நல்லா நாலு வார்த்தை கேட்டு, அழுது, இங்கேயே உன் பக்கத்துல படுத்துத் தூங்கியிருப்பேன். நீ சரியா பண்ணிட்டக்கா. அந்த ஆளு பிழைச்சுட்டாரு. எனக்குக் கோவிச்சுக்கக்கூட இடம் வைக்கல நீ."

கீழேயிருந்து மாப்பிள்ளை கூப்பிட்டார். சின்னவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு, பெட்டியை ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு போனாள். ஒரு கை பிடிக்க வந்த அக்காவை, "இருக்கட்டும், கனமில்ல" என்று விலக்கிவிட்டாள்.